நிலக்கடலை ஆகாத வீட்டில் எதை அரைப்பது? பாதாம், எள், முந்திரி வெண்ணெய்: மிக்ஸியா, கிரைண்டரா?

தாம்பரம் தாமரை

எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிச்சுட்டு மட்டும் போற ஆள் நான். இன்னிக்கு ஒரு உதவி வேணும்.

சின்னவளுக்கு நாலு வயசு. நிலக்கடலை அவளுக்கு ஆகாதுன்னு ரெண்டு வயசுலயே தெரிஞ்சிடுச்சு, டெஸ்ட்லயும் உறுதியாச்சு. பாதாமும் எள்ளும் தாராளமா குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். முந்திரி மட்டும் இன்னொரு டெஸ்ட் முடியட்டும்னார். பெரியவன் பிரெட்ல பீனட் பட்டர் தடவித் தின்னே வளர்ந்தவன். இப்ப வீட்டுல அந்த டப்பாவையே வைக்கிறதில்ல. ரெண்டு பேருக்கும் சேர்த்து பாதாம்ல ஏதாவது செஞ்சு வைக்கலாம்னு பார்க்கிறேன்.

சிக்கல் என்னன்னா, மிக்ஸில போட்டா நல்ல பொடியா வருது, அதோட நின்னுடுது. வெண்ணெய் ஆகவே மாட்டேங்குது. ஜார் கொதிக்குது, மோட்டார்ல கருகல் வாடை வேற. கொஞ்சம் தண்ணி விடலாமா? கடையில வாங்கிடலாம்னா விலையப் பார்த்தா மயக்கம் வருது, லேபிளைத் திருப்பினா "நிலக்கடலை கையாளும் ஆலையில் தயாரானது"ன்னு போட்டிருக்கு.

கோவைக்கல்

அக்கா, தண்ணி மட்டும் விட்டுறாதீங்க. ஒரு ஸ்பூன் விட்டாலும் போச்சுங்க.

பாதாம்ல பாதிக்குப் பாதி எண்ணெய்தான். 100 கிராம்ல 50 கிராம் இருக்கும். அது பருப்புக்குள்ள சின்னச் சின்ன அறைகள்ல அடைஞ்சு கிடக்குது. பிளேடு அந்த அறைகளை உடைக்கோணும், சூடு எண்ணெயை இளக்கோணும். நீங்க பொடியில நிறுத்துறீங்க. அதுக்கப்புறம்தான் வேலையே இருக்குதுங்க.

பாதாமை இரும்புச் சட்டியில சின்னத் தீயில வறுங்க. ஓவன் இருந்தா 160 டிகிரியில பத்துப் பன்னெண்டு நிமிஷம். ஒண்ணை எடுத்து உடைச்சா உள்ள தந்த நிறம் மாறி லேசா பழுப்புத் தட்டியிருக்கோணும். ஆவி அடங்கட்டும், ஆனா ஆறவிட்டுறாதீங்க. கை பொறுக்கிற சூட்டுல ஜார்ல போடுங்க. 200 கிராமுக்குக் குறைஞ்சா பிளேடுக்கு எட்டாம ஓரத்துல ஒட்டிக்கிட்டு சும்மா சுத்தும். சட்னி ஜார்தான் சரி, பெரிய ஜார் வேண்டாம்.

அரை நிமிஷம் ஓட்டி நிறுத்துங்க. மூடியைத் திறந்து, ஓரத்தை வழிச்சு நடுவுல தள்ளிட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க. திரும்ப அரை நிமிஷம். முதல்ல பொடி. அப்புறம் கையில பிடிச்சா நிக்கிற புட்டு மாவுப் பதம். அடுத்து எல்லாம் திரண்டு ஒரே உருண்டையா ஜார்ல முட்டி முட்டிச் சுத்தும். இந்த இடத்துலதான் எல்லாரும் கைவிட்டுட்டு எண்ணெயைத் தூக்கி ஊத்தறாங்க. பொறுங்க. இன்னும் நாலஞ்சு சுத்துல உருண்டை தானா உடைஞ்சு, ஓரம் பளபளன்னு மின்ன ஆரம்பிக்கும். அதுக்குமேல மடமடன்னு இளகீரும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஒதுக்கிக்கோங்க.

ஜார் அடியைத் தொட முடியாத சூடுன்னா பத்து நிமிஷம் விட்டுட்டு வேற வேலை பாருங்க. மிக்ஸி படக்குன்னு நின்னுட்டா பதறாதீங்க, அடியில ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். மோட்டார் ஆறினதும் அதை அமுக்கினா ஓடும். கருகல் வாடை வர்ற வரைக்கும் ஓட்டினா அந்தப் பொத்தானும் காப்பாத்தாது.

கடலைமுட்டாயி

நான் கோவில்பட்டிப் பக்கம். 2020ல புவிசார் குறியீடு வாங்கின கடலை மிட்டாய் ஊர்க்காரன், நிலக்கடலைய விட்டுக்குடுத்துப் பேச முடியாது. தாமரை அக்கா கதை வேற, பிள்ளைக்கு ஆகாதுன்னா ஆகாதுதான். ஆனா இந்த இழைய வாசிச்சுட்டு நாளைக்கே நாலு பேரு "கடலை கெடுதல், பாதாம் ஒசத்தி"ன்னு கிளம்பிருவாக. அதுக்காகச் சொல்லுதேன்.

100 கிராமுக்குப் புரதம்: நிலக்கடலை 26 கிராம், பாதாம் 21, முந்திரி 18. கொழுப்பு கடலையிலயும் பாதாம்லயும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஒரு மேசைக்கரண்டி பாதாம் வெண்ணெயில நூறு கலோரிக்குப் பக்கம், கடலை வெண்ணெயிலயும் அதே. உடம்பு இளைக்கணும்னு பாதாமுக்கு மாறுனா இளைக்கது மணிபர்சு மட்டுந்தான். கடை டப்பாவுல இருக்க வம்பு கடலையில்ல. அதுல சேக்குத சீனியும், எண்ணெய் பிரியாம இருக்கச் சேக்குத கெட்டிக் கொழுப்பும். 1920கள்ல அமெரிக்காவுல ரோஸ்ஃபீல்ட்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச உத்தி அது. ஒவ்வாமை இல்லாத வீட்டுல வறுத்த கடலைய உப்புப் போட்டு அரைச்சுத் தின்னுங்க, ஒரு குறையும் வராது.

கோவைக்கல்

அண்ணே சொல்றது சரிதான். ஆனா பாதாம்ல வைட்டமின் ஈ கடலையை விட மூணு மடங்குங்க. அதையும் சொல்லிருங்க.

கடலைமுட்டாயி

சரி, வச்சுக்கிடுங்க.

செக்கடி

பாதாம் வெண்ணெயை இளக்க எண்ணெய் ஊத்தலாமான்னு அடுத்த கேள்வி வரும், அதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். எங்க வீட்டுல மரச்செக்கு ஓடுது, காங்கேயம் பக்கம்.

அம்மா, ஊர்ல பாதிச் செக்குல காலையில எள்ளு, மத்தியானம் நிலக்கடலை, அடுத்த நாள் தேங்காய்னு மாத்தி மாத்தி ஆட்டுவாங்க. நடுவுல உரலைத் துடைக்கறதோட சரி. ருசிக்கு அது ஒண்ணும் பண்ணாது, ஆனா உங்க பொண்ணுக்கு அந்த நல்லெண்ணெயில கடலை கலந்திருக்கும். ரீஃபைண்ட் பண்ணின கடலை எண்ணெயில புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கு எண்ணெய் அப்படியில்ல, வடிகட்டினாலும் கடலைப் புரதம் கொஞ்சம் தங்கும். அதனால "மரச்செக்கு நல்லெண்ணெய், ஆரோக்கியம்"னு நினைச்சு வாங்கறதுக்கு முன்னாடி அந்தச் செக்குல வேற என்ன ஆட்டறீங்கன்னு கேளுங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

மளிகைக் கடையில சில்லறையா வாங்கற பாதாமும் அப்படித்தான். கடலை அள்ளின அதே கரண்டியில அதையும் அள்ளிப் போடுவாங்க. தோலோட முழுசா, சீல் வச்ச பாக்கெட்டா வாங்குங்க, அதுலயும் லேபிளைப் படிங்க. பாதாம் பவுடர், முந்திரி பவுடர்னு அரைச்சு விக்கறதை உங்க வீட்டுக்குள்ளயே விடாதீங்க. விலை குறைஞ்ச கடலையைக் கலக்கறதுக்கு பவுடரை விட வசதி எது?

வெள்ளைக்கோட்டு

குழந்தைகள் மருத்துவத்தில் வேலை. பொதுவாகச் சில விஷயங்கள் மட்டும். உங்கள் மகளைப் பரிசோதித்தவர் சொன்னதே முடிவு.

நிலக்கடலை பயறு வகை, பாதாம் மரத்துக் கொட்டை. குடும்பம் வேறாக இருந்தாலும் ஒன்று ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் ஒரு பகுதிக்கு மற்றதும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். முந்திரி ஆகாதவருக்குப் பிஸ்தா பெரும்பாலும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். முந்திரி முடிவு வரும்வரை பிஸ்தாவையும் தள்ளி வையுங்கள். "கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம்" என்று வீட்டில் சோதிக்க வேண்டாம்.

இழையை வாசிக்கிற மற்ற பெற்றோருக்கு ஒன்று. எள்ளும் பலருக்கு ஒவ்வாமை தருவதுதான். அமெரிக்காவில் 2023 முதல் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது பொருளாக அதைச் சேர்த்திருக்கிறார்கள். தாமரை அவர்கள் வீட்டில் எள் சரி என்பதால் எல்லார் வீட்டிலும் சரி என்று ஆகாது.

நான்கு வயதுக் குழந்தைக்குக் கெட்டி வெண்ணெயை ஸ்பூனில் அப்படியே ஊட்டாதீர்கள். தொண்டையில் அப்பிக்கொள்ளும். தோசையிலோ பிரெட்டிலோ மெல்லிசாகத் தடவிக் கொடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது.

யாழ் நங்கை

தாமரை அக்கா, நான் ரொறன்ரோவில இருக்கிறன். இஞ்ச மகன்ர பள்ளிக்கூடத்துக்குக் கச்சானும் (நிலக்கடலை) கொண்டுபோகேலாது, பாதாம், கஜு (முந்திரி) ஒண்டும் கொண்டுபோகேலாது. அதால நான் சூரியகாந்தி விதையிலதான் செய்யுறன். விலையும் பாதாமை விடக் குறைவுதான். 100 கிராமில 35 மில்லிகிராம் வைட்டமின் ஈ இருக்கு, பாதாமை விடக் கூட.

ஓடு நீக்கின விதையை வாசம் வரும்வரைக்கும் வறுத்து, கோவைக்கல் சொன்ன மாதிரியே அரைக்கலாம். பாதாமை விடக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், லேசாக் கைக்கும். ஒரு சிட்டிகை உப்பும், ரெண்டு பேரீச்சம்பழத்தை நல்லாக் காயவைச்சு இடிச்ச தூளும் போட்டா அந்தக் கைப்புத் தெரியாது.

ஒரு கூத்துச் சொல்லுறன் கேளுங்கோ. இந்த வெண்ணெயைப் போட்டு மஃபின் சுட்டன். வெளியால நல்ல பொன்னிறம். அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டியில வைக்கேக்க வெட்டிப் பாத்தா உள்ளுக்குப் பச்சை! பாசி பிடிச்ச பச்சை. மகன் "அம்மா, பூஞ்சணம்" எண்டு கத்துறான். பூஞ்சணம் இல்லை. விதையில குளோரோஜெனிக் அமிலம் எண்டு ஒண்டு இருக்கு, அது சமையல் சோடாவோட சேர்ந்து ஆற ஆறப் பச்சையாகும். சாப்பிட்டா ஒண்டும் செய்யாது. சோடாவைக் குறைச்சு, எலுமிச்சம்புளி கொஞ்சம் விட்டா நிறம் மாறாது. அவன் இப்ப வேணுமெண்டே பச்சையாச் சுடச் சொல்லிக் கேக்கிறான், அது வேற கதை.

தாம்பரம் தாமரை

வந்துடுச்சு! கோவைக்கல் சொன்ன அந்த உருண்டை கட்டத்துல எண்ணெய் பாட்டிலை எடுக்கத்தான் கை போச்சு. அடக்கிக்கிட்டு ஓட்டினேன். ஒரு சுத்துல உருண்டையா இருந்தது, அடுத்த சுத்துல திறந்தா ஸ்பூன்ல இருந்து வழியுது. பெரியவன் ஜாரை விரலாலயே வழிச்சுட்டான்.

செக்கடி ஐயா, நீங்க சொன்னது வயித்துல புளியைக் கரைச்சது. எங்க தெரு முனையில இருக்கிற செக்குல கேட்டேன், எல்லாத்தையும் அதுலயேதான் ஆட்டறாங்களாம். நல்லெண்ணெயை மாத்திட்டேன்.

அடுத்த கேள்வி: இனிப்புக்குக் கருப்பட்டி போடலாமா? தண்ணி ஏன் கூடாதுன்னும் யாராவது சொல்லுங்க. பாதாமை ஊறவைச்சு தோல் உரிச்சுதான் குழந்தைக்குக் குடுக்கணும்னு மாமியார் சொல்றாங்க.

கோவைக்கல்

வெண்ணெயில இருக்கற அத்தனை துகளும் எண்ணெயில மிதந்துக்கிட்டு இருக்குதுங்க. துளி ஈரம் பட்டா மாவுச்சத்தும் புரதமும் அந்த ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வழிஞ்சுக்கிட்டு இருந்தது ஒரே நொடியில களிமண்ணாகும். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாத்துலயும் ஈரம் இருக்குது. அதனால ஜார்ல போடாம, சாப்பிடும்போது மேல தூவிக்கோங்க. உப்பும் பொடியுப்புதான், கல்லுப்புல ஈரம் கசியும்.

அப்படியே இறுகிட்டாலும் வீணில்ல. பயப்படாம இன்னும் நிறையத் தண்ணி விட்டு அடிச்சா வெளுத்து, பாலாடை மாதிரி இளகும். அரபு நாட்டுக்காரங்க எள் வெண்ணெயில எலுமிச்சையும் தண்ணியும் அடிச்சுச் செய்யற சாஸ் இந்தக் கணக்குதான். ஆனா தண்ணி சேர்ந்தா ரெண்டு மூணு நாள்தான் தாங்கும், ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும். குருமாவுக்கு ஊத்தித் தீர்த்துருங்க.

ஊறவைச்சு உரிக்கறது தாராளமாச் செய்யலாம். பேத்திக்குன்னு கேக்கறாங்க, செய்யுங்க. ஆனா உரிச்ச பாதாம் உள்ளுக்குள்ள காயற வரைக்கும் வெயில்ல போட்டு, அப்புறமும் சின்னத் தீயில நேரமெடுத்து வறுக்கோணும். உடைச்சா 'டப்'னு சத்தம் வரோணும், வளைஞ்சா ஈரம் இருக்குது. தோலோட அரைச்சா நாரும் உள்ள போகும், லேசா துவர்க்கும், அவ்வளவுதான்.

பண்ருட்டிக்காரன்

முந்திரி பத்தி ஒருத்தரும் பேசலையே, எங்க ஊரு மானம் என்ன ஆவுறது?

தாமரை அக்கா டெஸ்ட் முடிஞ்சு சரின்னு வந்தாங்கன்னா பாருங்க, மத்தவங்க இப்பவே செய்யலாம். முழு முந்திரி வாங்கி அரைக்கிறது பணத்தைக் கரியாக்குற வேலை. டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320ன்னு பேரு வச்சு விக்கிறாங்களே, அது ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிக்கும்ங்கிற கணக்கு. எண்ணிக்கை குறைஞ்சா பருப்பு பெருசு, விலையும் பெருசு. ருசியில ஒரு வித்தியாசமும் கிடையாது. வெண்ணெய்க்கு உடைசலோ குருணையோ போதும். ஆனா உடைசல் சீக்கிரம் காறும், அதனால வாயில ஒண்ணைப் போட்டுப் பார்த்து வாங்குங்க. பழைய எண்ணெய் வாடை அடிச்சா வேணாம்.

இன்னொண்ணு, "பச்சை முந்திரி"ன்னு கடையில இருக்கிறதும் பச்சையில்ல. ஓட்டுல இருக்கிற பால் தோலைப் பொத்துப் போட வச்சிடும். அதனால ஆவியில அவிச்சோ வறுத்தோதான் உடைக்கிறாங்க. எங்க பக்கம் உடைக்கிற பொம்பளைங்க கையில சாம்பலோ எண்ணெயோ பூசிக்கிட்டுத்தான் உக்காருவாங்க, அப்பிடியும் விரல் நுனியெல்லாம் கருத்துக் கெடக்கும்.

அரைக்கிற பக்குவம்: முந்திரியில எண்ணெய் கொஞ்சம் கம்மி, மாவுச்சத்து ஜாஸ்தி. லேசா சூடு காட்டினாப் போதும், பழுப்பு ஏறினா கசக்கும். ஆறினா கெட்டியாவும். ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊத்துறது இதுக்கு மட்டும் தப்பில்ல.

செக்கடி

நாலு வயசுப் பிள்ளைக்குன்னா எனக்கு முந்திரியை விட, பாதாமை விட எள்ளுதான் முதல்ல. இருக்கறதுலயே குறைஞ்ச செலவு, மிக்ஸியும் தவிக்காது.

எள்ளைத் தண்ணியில போட்டு அரிச்சு எடுங்க. அரிக்கும்போது கடைசியில கிண்ணத்து அடியில தங்கற மண்ணைப் பார்த்தா, இவ்வளவு நாள் எதையெல்லாம் தின்னோம்னு தோணும். வெள்ளைத் துணியில பரத்தி மொறுமொறுன்னு காயட்டும். வறுக்கும்போது படபடன்னு பொரிய ஆரம்பிச்சதும் இறக்கி உடனே தட்டுல கொட்டுங்க. சட்டி சூட்டுலயே விட்டா கசந்துரும். ரெண்டு கப்புக்குக் குறைஞ்சா ஜார்ல பறந்துக்கிட்டே இருக்கும்.

கருப்பு எள்ளுல தோல் இருக்கறதால வெண்ணெய் லேசா கசக்கும், நிறமும் தார் மாதிரி. பிள்ளைங்க முகம் சுளிப்பாங்க. பாதிக்குப் பாதி தோல் நீக்கின வெள்ளை எள்ளு கலந்துக்குங்க.

வெள்ளைக்கோட்டு

ஒரு சேர்க்கை. எள்ளில் கால்சியம் மிக அதிகம் என்று எல்லாரும் எழுதுவது தோலோடு உள்ள எள்ளைப் பற்றி; 100 கிராமில் 975 மி.கி. தோல் நீக்கினால் அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. தோலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆக்ஸலேட் என்ற பொருளும் இருப்பதால் இருக்கிற கால்சியமும் முழுதாக உடம்பில் சேராது. எள் நல்ல உணவுதான், ஆனால் பாலை நிறுத்திவிட்டு அதை நம்ப வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாதாம், முந்திரி, எள் மூன்றையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், காரணம் அதே ஆக்ஸலேட்.

கடலைமுட்டாயி

டாக்டர் சார், ஒரு சந்தேகம். இதெல்லாம் படிச்சா, கைப்பிள்ளைக்குக் கடலையே காட்டாம வளக்கணுமோன்னு தோணுதே? தங்கச்சிக்கு ஆறு மாசப் பிள்ளை இருக்கு.

வெள்ளைக்கோட்டு

நேர் எதிர். முன்பு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு அதை மாற்றிவிட்டது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை எடுத்து, ஒரு பாதிக்கு முதல் வயதிலேயே நிலக்கடலை உணவு கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஐந்து வயதுவரை தவிர்த்தார்கள். சாப்பிட்ட குழந்தைகளில் ஒவ்வாமை 80 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. உங்கள் தங்கை குழந்தைக்குக் கடும் தோல் அரிப்போ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். இல்லையென்றால் வெண்ணெயாக அரைத்ததைக் கஞ்சியில் நீர்க்கக் கரைத்துக் கொடுக்கலாம். முழுக் கடலை கூடவே கூடாது. இது ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தைக்கான வழி அல்ல.

கடலைமுட்டாயி

தங்கச்சிக்கு இப்பமே போன் போடுதேன்.

பண்ருட்டிக்காரன்

பொட்டுக்கடலைல செய்ய முடியுமா? வீட்டுல மூட்டையா கெடக்குது.

கோவைக்கல்

ஆகாதுங்க. அதுல எண்ணெயே ஆறேழு சதவீதம்தான். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மாவாத்தான் நிக்கும். தேங்காய் எண்ணெய் ஊத்திக் குழைச்சா தடவலாம், அதை வெண்ணெய்ன்னு சொல்ல மனசு வரலை. அதுவும் பயறு வகைதான், தாமரை அக்கா டாக்டரைக் கேட்டுக்கோங்க. கொப்பரை வேணும்னா ஜோரா இளகும், ஆனா அதுல இருக்கற கொழுப்புல பெரும்பகுதி நிறை கொழுப்பு.

தலைப்புல கேட்டீங்களே, கிரைண்டர் பத்தி. கண்ணாடி மாதிரி வழவழப்பு வேணும்னா டேபிள் டாப் கிரைண்டர்தான். உலகம் பூரா சின்னச் சின்ன சாக்லேட் பண்றவங்க கொக்கோவை அரைக்கறது இந்த மாதிரி கல்லுலதான், எங்க ஊர் கிரைண்டரை வாங்கி மோட்டாரைக் கொஞ்சம் மாத்திக்கறாங்க. மிக்ஸில புட்டு மாவுப் பதம் வரைக்கும் அடிச்சுக்கிட்டு, கல்லை வெயில்ல காயவைச்சு, ஓட ஓட ஒரு கைப்பிடியாப் போடுங்க. மொத்தமாக் கொட்டினா கல் சிக்கி பெல்ட் வழுக்கும். ஒரு மணி நேரம் ஓடினாப் போதும். கல்லு இடுக்குல ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் வேண்டாம்.

ஆனா தாமரை அக்கா, உங்க கிரைண்டர்ல எப்பவாவது கடலைச் சட்னி அரைச்சிருந்தா இதுக்கு எடுக்காதீங்க. கல்லு துளைக்குள்ள போனது கழுவினா முழுசாப் போகாது.

தாம்பரம் தாமரை

அரைச்சிருக்கேன். மிக்ஸியே போதும், ஜார் புதுசா வாங்கிட்டேன். எத்தனை நாள் தாங்கும்? மேல எண்ணெய் நிக்குதே, கெட்டுப்போச்சா?

செக்கடி

கெடலை. கெட்டிக் கொழுப்பு சேர்க்காத வெண்ணெயில எண்ணெய் மேல வர்றது சகஜம். பாட்டிலைக் கவுத்து வச்சா திறக்கும்போது கலக்கறது சுலபம். ஈரமில்லாத ஸ்பூன்ல எடுத்தா பாதாம் வெளியில மூணு வாரம் தாராளமா, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மாசம் நிக்கும். வால்நட் வெண்ணெய்னா நேரா ஃப்ரிட்ஜ்தான், சீக்கிரம் காறும். பெயிண்ட் வாடை அடிச்சா யோசிக்காம கொட்டிருங்க.

தாம்பரம் தாமரை

யாழ் நங்கை, சூரியகாந்தி விதை இங்க எங்க கிடைக்கும்? பக்கத்துல கிளி, புறா வளர்க்கிறவங்களுக்குத் தீனி விக்கிற கடையில கோடு கோடா ஓட்டோட இருக்கிற விதை மலிவா இருக்கு. அதை உரிச்சுக்கலாமா?

யாழ் நங்கை

ஐயோ வேண்டாம் அக்கா. அது பறவைக்கெண்டு வாறது, மனுசருக்கெண்டு சுத்தம் பாத்து வாறதில்லை. அதோட கச்சான் தீனியும் அந்தக் கடையிலதானே அள்ளுவினம். ஓடு நீக்கின விதை எண்டு உலர்பழக் கடையில கேளுங்கோ, சாம்பல் நிறத்தில தட்டையா இருக்கும். அரைக் கிலோ வாங்கிச் செய்து பாத்திட்டுப் பிறகு கூட வாங்குங்கோ. சின்னவளுக்கு அது புதுச் சாமான் எண்டால் முதல்ல டொக்டரிட்டக் கேட்டிட்டுக் குடுங்கோ.